நுண்ணுயிர்க் குடிமுறை – 7: உளுந்து வேருக்குள் ஒரு செந்நிறம்

வடிவத்தைக் கொண்டும் கிராம் சாயத்தைக் கொண்டும் பாக்டீரியாவை வகைப்படுத்தும் முறை சென்ற வாரமே விளக்கப்பட்டுவிட்டதால், இவ்வாரம் ஆக்சிஜன் தேவையைக் கொண்டு வகுக்கும் முறை எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஆக்சிஜன் இன்றி வளர இயலாதவை கட்டாயக் காற்றுச் சுவாசிகள் எனவும், அது பட்டால் மாள்பவை கட்டாயக் காற்றில்லாச் சுவாசிகள் எனவும், இரு நிலையிலும் பிழைப்பவை நிலைமாறும் சுவாசிகள் எனவும் வழங்கப்படுகின்றன. ஏட்டில் தெளிவாகத் தோன்றும் இப்பிரிவினை, உளுந்தைப் பெயரிலேயே தாங்கிய உளுந்தூர்பேட்டையின் வயலில் ஓர் உளுந்தஞ்செடியின் வேர்முடிச்சைப் பிளந்து நோக்கும்போது வியப்புக்குரிய சிக்கலாகிவிடுகிறது.

அம்முடிச்சுக்குள் வாழும் பிராடிரைசோபியம், கோல் வடிவும் கிராம் எதிர் இயல்பும் கொண்ட காற்றுச் சுவாசியாகும். காற்றின் நைட்ரஜனைப் பயிர் ஏற்கத்தக்க அம்மோனியாவாக மாற்றுவதற்குப் பேரளவு ஆற்றல் வேண்டும். அவ்வாற்றலை ஆக்சிஜனைக் கொண்டு நடக்கும் சுவாசமே அளிக்கிறது. ஆனால் மாற்றத்தை நிகழ்த்தும் நைட்ரஜனேஸ் என்னும் நொதியோ அதே ஆக்சிஜன் பட்டால் மீளாதவாறு கெட்டுவிடும். இந்த முரணைத் தீர்ப்பது செடி உண்டாக்கும் லெக்ஹீமோகுளோபின் என்னும் புரதம். மனிதக் குருதியின் ஹீமோகுளோபினுக்கு உறவுடைய அது, ஆக்சிஜனை இறுகப் பற்றி, பாக்டீரியாவின் சுவாசத்துக்குப் போதிய அளவையும் நொதிக்குத் தீங்கு நேராத அளவையும் ஒருங்கே காக்கிறது. சோயா முடிச்சின் செந்நிறம் இவ்வகை நிறமியே என ஜப்பானியரான ஹிடியோ குபோ 1939இல் காட்டினார். பூக்கும் பருவத்தில் செடியை மண் உதிராமல் தோண்டியெடுத்து முடிச்சைக் கிள்ளினால், உள்ளே இளஞ்சிவப்பு தென்படின் நைட்ரஜன் பணி நடக்கிறது என்றும், பச்சையோ பழுப்போ தென்படின் அது ஓய்ந்துவிட்டது என்றும் அறியலாம். நுண்ணோக்கி இல்லாமலே வெறுங்கண்ணுக்குப் புலப்படும் இத்தகைய உயிர்வேதியியல் சான்று மிக அரிது.

முடிச்சுப் பாக்டீரியாவை 1888இல் பெய்யரிங்க் தனித்து வளர்த்தார். மறு ஆண்டில் ஃபிராங்க் அதற்கு ரைசோபியம் எனப் பெயரிட்டார். வளர்ப்பு ஊடகத்தில் மெதுவாகப் பெருகுபவற்றை 1982இல் ஜோர்டான் பிராடிரைசோபியம் எனத் தனிப் பேரினமாக்கினார். அதற்கு முன்னர், எந்தச் செடியில் முடிச்சிடுகிறது என்பதைக் கொண்டே பிரிவு செய்யப்பட்டது. அம்முறையில் உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு, இவ்வட்டாரத்தார் மணிலா என்றழைக்கும் வேர்க்கடலை ஆகியவை ஒரே குழுவைச் சேர்ந்தவை. பழைய முறைதான் எனினும் உழவுக்கு அதன் பயன் இன்றும் குன்றவில்லை. கொண்டைக்கடலைக்குரிய பாக்டீரியாவை உளுந்து விதையில் பூசினால் முடிச்சு உண்டாகாது. ஆகவே 200 கிராம் ரைசோபியம் பொட்டலத்தை வாங்குவோர், அது எப்பயிருக்குரியது என்பதைப் பார்த்தே வாங்க வேண்டும். ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து விதையில் பூசியபின், வெயிலில் பாக்டீரியா மடிந்துவிடும் என்பதால் நிழலிலேயே உலர்த்த வேண்டும்.

காற்றில்லாச் சுவாசிகளும் நிலைமாறும் சுவாசிகளும் இவ்வாரமே விளக்கப்பட வேண்டியவை. வேர்முடிச்சு அவற்றின் இடத்தை எடுத்துக்கொண்டது. அதே உளுந்து அரைபட்டு இட்லி மாவாகும்போது அதைப் பொங்கச் செய்யும் லியூகோனோஸ்டாக் மெசென்டிராய்டிஸ், கோள வடிவும் கிராம் நேர் இயல்பும் உடைய நிலைமாறும் சுவாசி என்பதால், அடுத்த வாரம் அந்த மாவிலிருந்தே தொடங்கப்படும்.