கோட்டையில் பறந்த முதல் கொடி எங்கே?
சுதந்திர தினத்தன்று நகரமே ஜொலிக்கிறது. பட்டுத் துணி ஒன்று அமைதியாகக் காத்திருக்கிறது!

ஆகஸ்டு மாதம் பிறந்தால் போதும். ராஜாஜி சாலை வழியாக பஸ்சில் போகிறவர்களுக்கு சுதந்திர தினம் நெருங்குவது தெரிந்துவிடும். காலையிலேயே போலீஸ் அணிவகுப்பு ஒத்திகை. போக்குவரத்து மாற்றம். "கோட்டையில கொடி ஏத்தப் போறாங்க, அதான் சுத்திப் போகுது" என்று அலுத்துக்கொண்டே ஆபீஸ் போய்ச் சேருவார்கள்.

15-ந் தேதி இரவு பார்க்க வேண்டும். கோட்டை, ரிப்பன் மாளிகை, சென்ட்ரல் ரெயில் நிலையம் எல்லாம் மூவர்ண விளக்கில் ஜொலிக்கும். குழந்தை குட்டிகளோடு வந்து வேடிக்கை பார்த்துவிட்டு, கடற்கரையில் சுண்டல் வாங்கித் தின்றுவிட்டு வீடு திரும்புவார்கள்.

ஓரிரு நாளில் விளக்குகளைக் கழற்றிவிடுவார்கள். தோரணம் குப்பைக்குப் போய்விடும்.

ஆனால், 1947-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி விடியற்காலையில் அதே கோட்டையில் பறந்த கொடி மட்டும் இன்னும் இருக்கிறது. நகல் அல்ல, அசல். கோட்டைக்கு உள்ளேயே இருக்கிறது!

12 அடி நீளம்

கோட்டை வளாகத்தில் உள்ள மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தக் கொடி வைக்கப்பட்டு இருக்கிறது. சுத்தமான பட்டுத் துணி. 12 அடி நீளம், 8 அடி அகலம்.

முதல் சுதந்திர தினத்தன்று நாடு முழுவதும் எத்தனையோ கொடிகள் பறந்தன. அவற்றில் பத்திரமாக மிஞ்சி இருப்பது இது ஒன்றுதான் என்று சொல்லப்படுகிறது.

2013-ம் ஆண்டு குடியரசு தினத்தன்று இது பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. பட்டுக்கு இரண்டு எதிரிகள். ஒன்று வெளிச்சம், இன்னொன்று ஈரம். வெளிச்சம் பட்டால் சாயம் வெளுக்கும், இழை இற்றுப்போகும். சென்னைக் கடல் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? அதனால்தான் காற்றுப் புகாத பெட்டி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல், மங்கலான வெளிச்சம்.

கொடி இருக்கும் கட்டிடமும் லேசுப்பட்டது அல்ல. 18-ம் நூற்றாண்டின் கடைசியில் கட்டப்பட்டது. சென்னையின் முதல் கலங்கரை விளக்கம் இதன் மாடியில்தான் 1796 முதல் எரிந்தது. சுதந்திரம் வந்த மறு வருடம், 1948-ல், மியூசியம் ஆயிற்று.

அந்த விடியற்காலை

1947-ல் சென்னை மாகாணத்தின் கவர்னர் ஆர்ச்சிபால்ட் நை என்ற வெள்ளைக்காரர். ஆட்சித் தலைவர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். மாகாண முதல்-அமைச்சரை அந்தக் காலத்தில் "பிரதமர்" என்றே அழைத்தார்கள்.

சுதந்திர வேளையில் ரேடியோவில் டி.கே.பட்டம்மாளின் குரல் ஒலித்தது. பாடியது பாரதியாரின் சுதந்திரப் பள்ளு. சுதந்திரம் வருவதற்கு முன்பே, வந்துவிட்டதாக நினைத்து பாரதி எழுதிவைத்த பாட்டு அது. அவர் 1921-லேயே கண்ணை மூடிவிட்டார்.

எல்லோரும் அன்று கொண்டாடினார்களா என்றால், இல்லை. பெரியார் அதைத் துக்க நாள் என்றார். அவருடைய இயக்கத்திலேயே இருந்த அண்ணா, "இல்லை, அது இன்ப நாள்" என்று மாறுபட்டார். பின்னர் 1967-ல் அதே அண்ணா முதல்-அமைச்சராகக் கோட்டைக்குள் நுழைந்தார் என்பது தனிக் கதை.

கம்பத்தில் ஏறிய வாலிபர்

கோட்டைக் கொடிக்கம்பத்துக்கும் கதை உண்டு. எலிஹு யேல் கவர்னராக இருந்த காலத்தில், 17-ம் நூற்றாண்டில், கப்பலின் தேக்குப் பாய்மரத்தைக் கொண்டுவந்து நட்டதாகச் சொல்வார்கள். அந்த மரக் கம்பத்தை மாற்றி, 1994-ல் எஃகுக் கம்பம் வைத்தார்கள்.

அந்த உயரமான கம்பத்தில் வெள்ளைக்காரன் கொடி பறந்துகொண்டிருந்தபோதே ஒருவர் ஏறிவிட்டார்! அவர் பெயர் பாஷ்யம். "ஆர்யா" என்றால்தான் தெரியும். 1932-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி, போலீசும் பட்டாளமும் காவல் இருந்த கோட்டைக்குள் புகுந்து, உச்சிக்கு ஏறி, மூவர்ணக் கொடியைப் பறக்கவிட்டார். சிறைக்கும் போனார். பிற்காலத்தில் ஓவியராகவும் சிற்பியாகவும் பெயர் எடுத்தார்.

ஆக, 1947-ல் கோட்டையில் ஏறியது அரசாங்கம் ஏற்றிய முதல் கொடி. அதற்கு 15 வருடம் முன்பே உயிரைப் பணயம் வைத்து ஒருவர் ஏற்றியாகிவிட்டது.

கவர்னர் போய் முதல்-அமைச்சர்

இப்போது ஆகஸ்டு 15 அன்று முதல்-அமைச்சர் கொடி ஏற்றுகிறார். இது ஆரம்பத்தில் இருந்தே வந்த வழக்கம் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி அல்ல.

முன்பெல்லாம் சுதந்திர தினம், குடியரசு தினம் இரண்டிலும் மாநிலங்களில் கவர்னர்தான் கொடி ஏற்றுவார். டெல்லி செங்கோட்டையில் பிரதமர் ஏற்றும்போது, மாநிலத்தில் மக்கள் தேர்ந்தெடுத்த முதல்-அமைச்சர் ஏற்றக்கூடாதா என்று கேட்டவர் கருணாநிதி. பிரதமர் இந்திரா காந்தி சம்மதித்தார். 1974-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி கோட்டையில் கருணாநிதி கொடி ஏற்றினார். எல்லா மாநில முதல்-அமைச்சர்களுக்கும் அந்த உரிமை கிடைத்தது.

காத்ததும் காக்காததும்

பழசைக் காப்பதில் இந்த நகரத்துக்கு இரண்டு முகம் உண்டு.

1857 புரட்சியின்போது வட இந்தியாவில் ஈவு இரக்கமின்றி மக்களைக் கொன்ற நீல் என்ற தளபதிக்கு மவுண்ட் ரோட்டில் சிலை வைத்திருந்தார்கள். அதை எடுக்கச் சொல்லி 1927-ல் தொண்டர்கள் சத்தியாக்கிரகம் செய்து ஜெயிலுக்குப் போனார்கள். 1937-ல் ராஜாஜி மந்திரிசபை சிலையை அகற்றியது. உடைத்துப் போடவில்லை. அது எழும்பூர் மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆனால், சென்ட்ரல் அருகே இருந்த மத்திய சிறைச்சாலை? 1837-ல் கட்டியது. நேதாஜி சுபாஷ் சந்திர போசை அடைத்துவைத்த இடம். கைதிகளை 2006-ல் புழலுக்கு மாற்றிய பிறகு, 2009-ல் இடிக்கப்பட்டது. இடிப்பதற்கு முன்பு பொதுமக்களை உள்ளே விட்டார்கள். கூட்டம் அலைமோதியது. பார்த்தார்கள், வந்தார்கள், சுவர் விழுந்தது. இன்று அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு அங்கே ஒரு ஜெயில் இருந்ததே தெரியாது.

75-ம் ஆண்டு

சுதந்திரத்தின் 75-ம் ஆண்டையும் சென்னை தடபுடலாகக் கொண்டாடியது. 2021-ல் நேப்பியர் பாலம் அருகே நினைவுத் தூணை முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் திறந்துவைத்தார். மறு வருடம் ஆகஸ்டு 13 முதல் 15 வரை வீட்டுக்கு வீடு கொடி ஏற்றச் சொன்னது மத்திய அரசு. தபால் ஆபீசில் 25 ரூபாய்க்குக் கொடி விற்றார்கள். சைக்கிளில், ஆட்டோவில், கடைக் கல்லாவில் எங்கும் கொடி.

அதற்கு வசதியாகச் சட்டமும் மாறியது. கையால் நூற்று நெய்த துணியில் மட்டுமே கொடி என்று இருந்ததை, மிஷினில் தயாரித்த பாலியஸ்டர் கொடியும் செல்லும் என்று 2021 டிசம்பரில் திருத்தினார்கள். வீடுகளில் இரவிலும் பறக்கவிடலாம் என்று 2022 ஜூலையில் அனுமதித்தார்கள்.

ஏற்றச் சொன்னவர்கள் உண்டு. இறக்கச் சொல்லத்தான் ஆள் இல்லை! விழா முடிந்த பிறகும் மொட்டை மாடிகளிலும் பால்கனிகளிலும் கிழிந்து, வெளுத்துத் தொங்கிய கொடிகள் எத்தனை!

சட்டம் என்ன சொல்கிறது?

கிழிந்த, அழுக்கான கொடியைப் பறக்கவிடக் கூடாது. குப்பைத் தொட்டியில் போடவும் கூடாது. கடைக்காரர்கள் மூட்டை கட்டவோ, மேஜை துடைக்கவோ உபயோகிக்கக் கூடாது. பழுதான கொடியை முழுமையாக, தனி இடத்தில், மரியாதையோடு அழிக்க வேண்டும். எரிப்பது நல்லது என்று கொடி விதி சொல்கிறது. காகிதக் கொடியானாலும் தரையில் வீசி எறியக் கூடாது.

25 ரூபாய்க் கொடிக்கும் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் பட்டுக் கொடிக்கும் சட்டத்தின் முன் ஒரே மரியாதைதான்.

பட்டுக் கொடி இவ்வளவு காலம் நின்றது துணியின் பலத்தால் அல்ல. அன்று கம்பத்தில் இருந்து இறக்கியவர்கள் அதை மடித்துப் பத்திரப்படுத்தினார்கள். அவர்கள் யார் என்று ஊருக்குத் தெரியாது. அவர்கள் அலட்சியமாக இருந்திருந்தால் இன்று பார்க்க ஒரு நூல்கூட மிஞ்சி இருக்காது.

கோட்டை ரெயில் நிலையத்தில் தினமும் ஏறி இறங்குகிறவர்கள் ஒரு நாள் எதிரே நடந்தால் போதும், மியூசியம் வந்துவிடும். வெள்ளிக்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டலாம்.