சளி மாத்திரையும் ஏலத்தோட்ட ஜீப்பும்

விடிவதற்கு முன்பே கம்பத்திலும் கூடலூரிலும் போடியிலும் ஜீப்புகள் கிளம்பிவிடும். இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக மலையேறும் வண்டிகள் அவை. போடிமெட்டுப் பாதையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஆனி, ஆடிச் சாரலில் வீட்டுக்கு வீடு தும்மலும் மூக்கொழுகலுமாக இருக்கும். முந்தின ராத்திரி சளி மாத்திரை போட்டுப் படுத்த ஓட்டுநர்தான் காலையில் அந்த வளைவுகளில் ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கிறார் என்றால், அந்த மாத்திரையைப் பற்றி நாம் கொஞ்சம் பேசியே ஆக வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'சிபிஎம்' என்று சொல்லித் தருகிறார்களே, அதன் முழுப்பெயர் குளோர்பெனிரமைன் மாலியேட். பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 4 மில்லிகிராம். ரத்தத்தில் கலந்த மருந்தில் பாதி குறையவே பெரியவர்களுக்கு ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகும். இரவு பத்து மணிக்கு விழுங்கியதில் முக்கால் பங்குக்குக் குறையாமல் விடிகாலை ஐந்து மணிக்கும் உடம்பில் இருக்கும். நன்றாகத் தூங்கி எழுந்துவிட்டோம், இனி பயமில்லை என்று ஓட்டுநர் நினைப்பார். ஆனால் பிரேக்கை மிதிக்கும் கால் ஒரு நொடி தாமதித்தாலும் மலைப்பாதையில் அது பெரிய தாமதம்.

தூக்கம் ஏன் வருகிறது? மூக்கில் தும்மலையும் தோலில் அரிப்பையும் கிளப்பும் அதே ஹிஸ்டமின்தான் மூளையின் அடிப்பகுதியில் நம்மை விழித்திருக்கச் செய்யும் வேலையையும் பார்க்கிறது. சிபிஎம், அவில் போன்ற பழைய மருந்துகள் மூளைக்குள் எளிதில் நுழைந்து அந்த வேலையைத் தடுக்கின்றன. பின்னால் வந்தவற்றில் ஃபெக்ஸோஃபெனடின் மூளைக்குள் போவதே இல்லை எனலாம். செடிரிசின் கொஞ்சம் நுழையும். அதனால் சிலருக்கு அதுவும் அசதி தரும். வண்டி ஓட்டுகிறவர்கள் மருத்துவரிடம் தங்கள் தொழிலைச் சொன்னால் போதும், மாத்திரையை மாற்றித் தருவார்.

மில்லிகிராமை வைத்து வீரியத்தை எடைபோடுவதும் நம் ஊர்ப் பழக்கம். அவிலில் இருப்பது பெனிரமைன், மாத்திரைக்கு 25 மில்லிகிராம். அதே மூலக்கூறில் ஒரு குளோரின் அணுவைச் சேர்த்தால் அது சிபிஎம் ஆகிவிடும். வீரியமும் பல மடங்கு கூடிவிடும். 25-ஐவிட 4 சின்ன எண்தான் என்று ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை இரண்டிரண்டாகப் போட்டுவிடக் கூடாது.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது குழந்தைகள். பெரியவர் மாத்திரையைப் பாதியாகவோ காலாகவோ உடைத்துக் கரைத்துக் கொடுக்கிற வீடுகள் இன்றும் உண்டு. குழந்தை என்பது பெரியவரில் கால் பங்கு இல்லை. சில குழந்தைகளுக்கு இந்த மருந்து தூக்கத்துக்குப் பதில் படபடப்பையும் அழுகையையும் கொடுக்கும். சிலருக்கு மூச்சையே மந்தமாக்கும். இதே குடும்பத்தைச் சேர்ந்த புரோமெதசின் எந்த அளவிலும் இரண்டு வயதுக்குக் கீழே கூடாது என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2004-இல் கடுமையான எச்சரிக்கை விடுத்தது. நம் நாட்டிலும் 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, குளோர்பெனிரமைனும் பினைலெப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிடச் சொன்னது.

அந்த உத்தரவு குறிப்பிட்ட சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 2 மில்லிகிராம் குளோர்பெனிரமைன் இருக்கிறது. சிரப்பு என்று நினைத்து அதை ஐந்து மில்லி பாலாடையில் ஊற்றிக் கொடுத்தால் 10 மில்லிகிராம் உள்ளே போய்விடும். பெரியவர் ஒருவர் இரண்டரை மாத்திரையை ஒரே மூச்சில் விழுங்கியதற்குச் சமம் அது.

2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தார்கள். அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். உயிரைப் பறித்தது அதில் கலந்திருந்த டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு, குளோர்பெனிரமைன் அல்ல. ஆனால் லேபிளில் இருந்த சேர்மானம் பாராசிட்டமால், பினைலெப்ரின், குளோர்பெனிரமைன். நச்சு கலக்காமல் இருந்திருந்தாலும், சாதாரணச் சளிக்காக நான்கு வயது நிரம்பாத பிள்ளைக்குக் கொடுத்திருக்க வேண்டிய மருந்து இல்லை அது.

வீட்டுப் பெரியவர்கள் விஷயமும் லேசானதல்ல. வயதான உடலில் மருந்து இன்னும் மெதுவாகவே வெளியேறும். பிரிட்டனில் சிபிஎம்மின் நாளொன்றுக்கான உச்ச அளவு பெரியவர்களுக்கு 24 மில்லிகிராம், முதியவர்களுக்கு அதில் பாதி. அமெரிக்க முதியோர் மருத்துவர்களோ 65 வயதுக்கு மேல் இதைத் தவிர்க்கவே சொல்கிறார்கள். ராத்திரி எழுந்து தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிவது, புராஸ்டேட் வீக்கம் உள்ள தாத்தாவுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்வது, பாட்டி திடீரெனக் குழம்பிப் பேசுவது என எல்லாவற்றுக்கும் ஒரு சளி மாத்திரை காரணமாகலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குச் செடிரிசின் அளவையும் பாதியாகக் குறைப்பார்கள். இந்த மருந்துகளோடு மதுவும் சேர்ந்தால் யாராக இருந்தாலும் ஆபத்துதான்.

மெடிக்கலில் 'சளிக்கு ஏதாவது கொடுங்க' என்று மட்டும் கேட்காதீர்கள். யாருக்கு, என்ன வயது, வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறார், வண்டி ஓட்டுகிறாரா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். காய்ச்சல், சளி கூட்டு மாத்திரை பலவற்றில் சிபிஎம் ஏற்கெனவே இருக்கிறது. அதோடு தனியாக இன்னொன்று வேண்டாம். மருந்து கொடுத்த பிறகு குழந்தை எழுப்பியும் எழாவிட்டாலோ, மூச்சு மெதுவானாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். போகும்போது அந்தப் பாட்டிலையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.