மெக்டவல் கவுண்டி: மக்கள்தொகை அட்டவணை சொல்லும் கதை

எட்டாம் வகுப்பில் இடம்பெயர்வு பாடம் நடத்தும்போது உந்து காரணிகள், ஈர்ப்புக் காரணிகள் என்று கரும்பலகையில் பட்டியல் போட்டுவிடலாம். மாணவர்களும் அதை மனப்பாடம் செய்து எழுதிவிடுவார்கள். ஆனால் வேலை போன ஒரு பகுதியில் கடை, வரி வருவாய், பள்ளி எல்லாம் எப்படி ஒன்றன்பின் ஒன்றாக ஆட்டம் காண்கின்றன என்பது பட்டியலில் தெரியாது. அதை விளக்க நான் எடுத்துக்கொள்ளும் எடுத்துக்காட்டு, அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் தென்கோடியில் உள்ள மெக்டவல் கவுண்டி.

கவுண்டி என்றால் என்ன?

மாநிலத்துக்குக் கீழே உள்ள நிர்வாகப் பிரிவுதான் கவுண்டி. மேற்கு வர்ஜீனியாவில் 55 கவுண்டிகள் உள்ளன. மெக்டவலின் பரப்பு சுமார் 1,380 சதுர கிலோமீட்டர். தலைமையிடம் வெல்ச் என்னும் சிறு நகரம். நம் மாவட்டத்துக்கு ஆட்சியரை அரசு நியமிக்கிறது. அங்கோ மூன்று உறுப்பினர் கொண்ட கவுண்டி ஆணையத்தை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். காவல் பணியோடு வரி வசூலையும் கவனிக்கும் ஷெரீப், பள்ளிகளை நடத்தும் ஐந்து பேர் கொண்ட கல்வி வாரியம் ஆகியோரும் தேர்தல் மூலமே வருகிறார்கள்.

எண்களைப் படிப்போம்

அமெரிக்கக் கணக்கெடுப்பின்படி மெக்டவலின் மக்கள்தொகை:

1900 – 18,747
1920 – 68,571
1950 – 98,887
1960 – 71,359
1970 – 50,666
1980 – 49,899
1990 – 35,233
2020 – 19,111

இந்த அட்டவணையை மட்டும் கொடுத்து, காரணம் எதுவும் சொல்லாமல் கோட்டு வரைபடம் வரையச் சொல்கிறேன். மலை போல ஏறி இறங்கும் கோடு கிடைக்கும். "எப்போது ஏறியது? எப்போது சரிந்தது? நடுவில் எங்கே நின்றது?" என்ற மூன்று கேள்விகளே போதும், வகுப்பு சூடுபிடித்துவிடும்.

ஏறியதற்குக் காரணம் நிலக்கரியும் இரயில் பாதையும். 1880களின் இறுதியில் இரயில் வந்ததும் சுரங்கங்கள் பெருகின. தென் மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்களும், இத்தாலி, ஹங்கேரி, போலந்து போன்ற நாடுகளிலிருந்து தொழிலாளர்களும் வந்து குடியேறினார்கள்.

1950க்குப் பின் பத்தே ஆண்டுகளில் 27,528 பேர் குறைந்தார்கள். நிலக்கரி தீர்ந்துவிட்டது என்றுதான் மாணவர்கள் முதலில் சொல்வார்கள். அது சரியல்ல. பலர் சேர்ந்து வெட்டிய கரியை இயந்திரம் சில ஆட்களோடு வெட்டத் தொடங்கியது. அதே காலத்தில் இரயில்கள் டீசலுக்கு மாறின. வீடுகளிலும் கரி அடுப்பு குறைந்தது. கரி இருந்தது, வேலை இல்லை.

1970க்கும் 1980க்கும் இடையே சரிவு ஏறக்குறைய நின்றதையும் கவனிக்க வேண்டும். 1973இல் எண்ணெய் விலை ஏறியதும் நிலக்கரிக்கு மீண்டும் கிராக்கி வந்தது. 1980களில் எஃகு ஆலைகள் நலிந்து பெரிய சுரங்கங்கள் மூடப்பட்டதும் சரிவு திரும்பவும் தொடங்கியது. தொலைதூரத்துச் சந்தை ஒரு கிராமத்தின் மக்கள்தொகையை முடிவு செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1900இன் எண்ணும் 2020இன் எண்ணும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் ஊர் ஒன்றல்ல. அன்று இளைஞர்கள் வேலை தேடி வந்துகொண்டிருந்தார்கள். இன்று இளைஞர்கள் வெளியேற, முதியோர் விகிதம் கூடிவிட்டது. மொத்த எண்ணிக்கையோடு வயது அமைப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதை இந்த ஒப்பீடு நன்றாக உணர்த்துகிறது.

வறுமையும் அரசும்

1961 மே மாதம், நாட்டின் புதிய உணவு முத்திரைத் திட்டத்தின் முதல் முத்திரைகள் வெல்ச் நகரில்தான் வழங்கப்பட்டன. நாட்டுக்கே எரிபொருள் தந்த பகுதிக்கு உணவு உதவி தேவைப்பட்டது ஏன்? நிலத்திலும் கனிம உரிமையிலும் பெரும்பங்கு வெளியூர் நிறுவனங்களிடம் இருந்தது. இலாபமும் கரியோடு சேர்ந்து வெளியே போனது. 2016இல் அங்கிருந்த வால்மார்ட் கடையும் மூடப்பட்டது. மக்கள் பொருள் வாங்கும் இடத்தோடு பலருடைய வேலையும் போனது.

பள்ளி படும் பாடு

ஆசிரியர்களாகிய நாம் நிறுத்திப் படிக்க வேண்டிய பகுதி இது. அங்கே பள்ளி நிதியில் ஒரு பங்கு சொத்து வரியிலிருந்து வருகிறது. மாநில உதவி மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. சுரங்கம் மூடினால் இரண்டும் குறையும். 2001இல் மாநிலக் கல்வி வாரியம் கவுண்டிப் பள்ளிகளின் நிர்வாகத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. 2013இல்தான் உள்ளூர் வாரியத்திடம் திரும்ப ஒப்படைத்தது. 2010இல் இரண்டு உயர்நிலைப் பள்ளிகள் இணைக்கப்பட்டு ரிவர் வியூ உயர்நிலைப் பள்ளி உருவானது.

அப்படி மூடப்பட்டவற்றில் ஒன்று பிக் கிரீக் உயர்நிலைப் பள்ளி. ஃபிரீடா ரைலி என்ற அறிவியல் ஆசிரியை அங்கே பணியாற்றினார். அவர் ஊக்குவித்த சுரங்கத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் ராக்கெட் செய்து 1960 தேசிய அறிவியல் கண்காட்சியில் பரிசு வென்றார்கள். அவர்களில் ஒருவரான ஹோமர் ஹிக்கம் பின்னாளில் நாசாவில் பொறியாளரானார். ரைலி 1969இல் 31 வயதிலேயே நோயால் மறைந்தார்.

இன்று அங்கே ஆசிரியர் கிடைப்பதே பெரும்பாடு. வந்தாலும் தங்க நல்ல வீடு இல்லை. 2011இல் அமெரிக்க ஆசிரியர் கூட்டமைப்பு மாநில அரசோடும் பிற அமைப்புகளோடும் சேர்ந்து ஒரு மீட்புத் திட்டத்தைத் தொடங்கியது. ஆசிரியர்கள் தங்குவதற்காக வெல்ச் நகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பைக் கட்டும் பணி அதில் முக்கியமானது. கற்பித்தலை மேம்படுத்த முதலில் ஆசிரியருக்கு வீடு தேடவேண்டியிருந்தது.

வகுப்பில் செய்ய

மெக்டவலைப் பாழடைந்த ஊராகக் காட்டி முடித்துவிடக் கூடாது. 2020 கணக்கெடுப்பின்போது அங்கே 19 ஆயிரம் பேர் வாழ்ந்தார்கள், பிள்ளைகள் படிக்கிறார்கள். வெளியேறியவர்களையும் தங்கியவர்களையும் குறை சொல்லும் விதமாகப் பாடம் போகாமல் பார்த்துக்கொள்வோம். வரைபடம் முடிந்ததும் மாணவர்களைத் தம் ஊராட்சியின் கணக்கெடுப்பு எண்களையும், நம் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டின் ஆண்டுவாரி எண்ணிக்கையையும் அருகருகே வரையச் செய்யலாம். இரண்டு கோடுகளும் சேர்ந்து போகின்றனவா, பிரிகின்றனவா? பிரிந்தால் எந்த ஆண்டில், ஏன்? அந்தக் கேள்விக்கு விடை தேடி ஊர்ப் பெரியவர்களிடம் போகும் மாணவர் இடம்பெயர்வுப் பாடத்தை எளிதில் மறக்கமாட்டார்.