பெட்டிக்குள்ளும் கறள் பிடிக்கும்

அப்பாவிடம் இரண்டு மணிக்கூடுகள் இருந்தன. ஒன்றை அவர் ஏறத்தாழ முப்பது வருடம் நாள்தோறும் கட்டிக்கொண்டு கொழும்புக் கோட்டைக்கு வேலைக்குப் போய்வந்தார். மற்றது விலை கூடிய சுவிஸ் மணிக்கூடு. கலியாணத்துக்கு மாமா கொடுத்தது. நல்ல நாள் பெருநாளில் மட்டும் அதைக் கட்டுவார். வீட்டுக்கு வந்ததும் கழற்றி, கைலேஞ்சியால் ஒரு முறை துடைத்து, வெல்வெட் பெட்டியில் வைத்து, அலுமாரி லாச்சிக்குள் பூட்டிவிடுவார். எங்கள் வீடு கொள்ளுப்பிட்டியில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருந்தது. ரயில் பாதையைத் தாண்டினால் கடல்தான்.

அவர் காலமான பிறகு அந்தப் பெட்டியைத் திறந்தேன். வெளியில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் கண்ணாடியின் உட்புறம் மங்கியிருந்தது. சாவி கொடுக்கும் குமிழ் அசையவில்லை. புறக்கோட்டையில் மணிக்கூடு திருத்தும் முதியவர் ஒருவர் பின்மூடியைக் கழற்றிக் காட்டினார். மூடியின் விளிம்பில் ஊசி குத்தியதுபோலக் கறுத்த சிறு பள்ளங்கள். குமிழின் தண்டில் சிவந்த கறள். "கட்டாமல் வச்சிருந்ததுதான் பிழை, தம்பி" என்றார். அப்பா நாள்தோறும் கட்டிய மற்ற மணிக்கூடு அப்போது என் கையில் ஓடிக்கொண்டிருந்தது.

விலை கூடிய மணிக்கூடு வாங்கியவர்கள் எல்லோருக்கும் இந்தக் கேள்வி வரும். நாள்தோறும் கட்டுவதா, புதுக் கருக்குக் கலையாமல் பூட்டி வைப்பதா? பெரும்பாலும் இதை ஆசைக்கும் சிக்கனத்துக்கும் இடையிலான வழக்காகவே பேசுகிறோம். கொழும்பு போன்ற கடற்கரை நகரத்தில் இது முதலில் ஓர் இரசாயனக் கேள்வி. அந்த முதியவர் சொன்னதில் எவ்வளவு உண்மை என்று அந்த வழியில் பார்த்தேன்.

உப்புச் சாடி சொல்லும் பாடம்

மழைக்காலத்தில் சமையலறை உப்புச் சாடி கசிவதை எல்லோரும் கண்டிருப்போம். காற்றின் சார்பீரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால், சாதாரண உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தானே கரைந்து உப்புநீராகிவிடும். நம் நாட்டில் சார்பீரப்பதன் பொதுவாகப் பகலில் 70 சதவீதத்தை ஒட்டியும் இரவில் 90 சதவீதத்தை ஒட்டியும் இருக்கும். அதாவது பகலில் காய்ந்து கிடக்கும் உப்புப் படலம் இரவில் திரும்பவும் ஈரமாகிறது. கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டு இன்னும் மோசம். 33 சதவீத ஈரப்பதனே அதற்குப் போதும். ஆகவே கடலுப்பு படிந்த இடம் நம் ஊரில் முழுமையாகக் காய்வதே அரிது.

வியர்வையிலும் உப்பு இருக்கிறது. கொள்ளுப்பிட்டியில் அதற்குமேல் கடற்காற்றும் உப்பைக் கொண்டுவந்து படிய வைக்கிறது. தென்மேல் பருவப்பெயர்ச்சி வீசும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் கடலைப் பார்த்த யன்னல் கண்ணாடியை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாலே தெரியும்.

மணிக்கூட்டின் கூடு கறையில் உருக்கால், அதாவது எவர்சில்வர் என்று நாம் சொல்லும் உலோகத்தால் ஆனது. 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹரி பிரேர்லி அதை வார்த்தெடுத்தார். அது கறள் பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அதில் கலந்துள்ள குரோமியம். காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து, சில நனோமீற்றர் தடிப்பே உள்ள ஒரு காப்புப் படலத்தைக் குரோமியம் மேற்பரப்பில் உண்டாக்குகிறது. அது கீறுபட்டால் ஒட்சிசன் பட்டவுடன் தானே ஆறிவிடும்.

அந்தப் படலத்தின் பகை உப்பிலுள்ள குளோரைட்டு. அது படலத்தை ஆங்காங்கே துளைக்கும். திறந்த இடத்தில் துளை ஆறிவிடும். பின்மூடியும் கூடும் சேரும் இடுக்கு, இறப்பர் வளையம் அமர்ந்திருக்கும் பள்ளம், பட்டியின் ஊசி செருகும் துவாரம் போன்ற இடங்களில் ஒட்சிசன் போய்ச்சேராது. அங்கே உப்புநீர் தேங்கி, துளைக்குள் அமிலத்தன்மை கூடி, பள்ளம் உள்நோக்கி ஆழமாகிக்கொண்டே போகும். பல நிறுவனங்கள் பயன்படுத்தும் 316எல் வகை உருக்கில் மொலிப்தனம் சேர்ப்பதும், ரோலெக்ஸ் 1985 முதல் 904எல் வகையைக் கொண்டுவந்ததும் இந்தக் குழியரிப்பைத் தாங்குவதற்காகத்தான். தாங்கும் சக்தி கூடியது. ஆபத்து முற்றாக நீங்கவில்லை.

கலியாண வீட்டு வியர்வையோடு பெட்டிக்குள் போன அப்பாவின் மணிக்கூட்டுக்கு நடந்தது இதுதான். கைலேஞ்சி மேற்பரப்பைத் துடைத்தது. இடுக்கில் இருந்த உப்பு அங்கேயே இருந்தது. அது ஒவ்வோர் இரவும் கசிந்து, ஆண்டுக்கணக்காக வேலை செய்தது. பூட்டியது அப்பாவின் பிழையல்ல, கழுவாமல் பூட்டியதே பிழை.

கையின் சூடு செய்யும் உதவி

உள்ளே தண்டில் பிடித்த கறளுக்குக் காரணம் வேறு. இயந்திரத்தின் பல சிறு பாகங்கள் கறையில் உருக்கு அல்ல, கடினமாக்கிய சாதாரண உருக்கு. சார்பீரப்பதன் ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தாண்டும்போது அத்தகைய உருக்கு கறள் பிடிக்கும் வேகம் சடுதியாகக் கூடும். குமிழிலும் பின்மூடியிலும் உள்ள இறப்பர் வளையங்கள் நீரைத் தடுக்கும். நீராவி அவற்றின் ஊடாகவும் மெல்ல மெல்ல உள்ளே போகும். வளையம் முதுமையில் இறுகி வெடித்தால் அதுவும் விரைவாகும். பகலில் சூடேறி உட்காற்று விரிவதும் இரவில் குளிர்ந்து சுருங்குவதுமாக, மணிக்கூடு வெளிக்காற்றை மூச்சுப்போல இழுத்துவிடும்.

இங்கேதான் அந்த முதியவரின் சொல்லுக்குப் பௌதிகம் துணை நிற்கிறது. 27 பாகை செல்சியஸில் 80 சதவீத ஈரப்பதனுள்ள காற்றை அப்படியே 32 பாகைக்குச் சூடாக்கினால், அதில் ஒரு துளி ஈரம் குறையாமலே சார்பீரப்பதன் 60 அளவுக்கு இறங்கிவிடும். கையில் கட்டிய மணிக்கூட்டை உடம்புச் சூடு அறையைவிடச் சில பாகை வெப்பமாகவே வைத்திருக்கிறது. அலுமாரிக்குள் கிடப்பதைவிட அது உள்ளே உலர்ந்திருக்கிறது.

அதே பௌதிகத்துக்கு மறுபக்கமும் உண்டு. 30 பாகையில் 80 சதவீத ஈரப்பதனுள்ள காற்றின் பனிபடுநிலை சுமார் 26 பாகை. அந்தக் காற்று உள்ளே அடைபட்ட மணிக்கூட்டோடு காலி வீதி வெயிலிலிருந்து 22 பாகைக்குக் குளிரூட்டிய அலுவலகத்துக்குள் நுழைந்தால், முதலில் குளிர்வது கண்ணாடி. அதன் உட்புறத்தில் பனி படியும். ஒரு முறை மங்கித் தெளிந்தாலும் அதைச் சும்மா விடக்கூடாது. ஈரம் உள்ளே புகுந்துவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. நீர்காப்பைச் சோதிக்கும் சர்வதேச நியமத்திலும் இதே முறைதான் இருக்கிறது: மணிக்கூட்டை 40 பாகைக்குமேல் சூடாக்கி, கண்ணாடியில் குளிர்ந்த நீர்த்துளி வைத்து, உள்ளே மங்குகிறதா என்று பார்ப்பார்கள்.

எண்ணெய்க்கும் வயது உண்டு

இன்றைய பொறிமுறை மணிக்கூடுகள் பலவற்றில் சமநிலைச் சில்லு மணிக்கு 28,800 தடவை ஆடுகிறது. ஒரு நாளைக்கு 691,200. ஓர் ஆண்டில் 25 கோடிக்கும் மேல். அந்தச் சில்லைத் தாங்கும் அச்சின் முனை மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு அளவே தடிப்பானது. அது செயற்கை மாணிக்கக் கல்லின் துளைக்குள், கண்ணுக்குத் தெரியாத அளவு எண்ணெயில் சுழல்கிறது. ஒரு காலத்தில் இதற்குக் கடற்பன்றியின் தாடையிலிருந்து எடுத்த எண்ணெயைப் பயன்படுத்தினார்கள். அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்ட் துறைமுகத்தில் அது பெரிய வியாபாரம். இப்போது செயற்கை எண்ணெய். அதுவும் ஆண்டுகள் போகப்போக இடம்விட்டுப் பரவும், தடிக்கும், வற்றும்.

கட்டினாலும் கட்டாவிட்டாலும் எண்ணெய்க்கு வயது ஏறுகிறது. ஓடாத மணிக்கூட்டில் அதனால் உடனே தேய்மானம் இல்லை. பதினைந்து வருடம் கிடந்ததை எடுத்துச் சாவி கொடுத்து மறுநாளே கட்டத் தொடங்கும்போதுதான், உலர்ந்த அச்சு கல்லில் உராய்ந்து தேய்கிறது. பெட்டிக்குள் வைத்தே சுழற்றிச் சாவி கொடுக்கும் கருவியும் இதற்கு மருந்தல்ல. கட்டாமலே தேய்மானத்தைச் சேர்ப்பதுதான் அதன் வேலை.

நாள்தோறும் கட்டுவதன் மிகப் பெரிய நன்மையும் இங்கேதான் இருக்கிறது. கட்டும் மணிக்கூடு தன் நோயை மறைக்காது. பிந்தினால் ரயில் தவறும். மங்கினால் கண்ணில் படும். திடீரென்று நாளுக்கு நிமிடக்கணக்கில் முந்தினால், ஃபோனின் ஒலிபெருக்கியோ கைப்பையின் காந்தப் பூட்டோ சமநிலைச் சில்லின் மயிர்ச்சுருளைக் காந்தமாக்கியிருக்கலாம் என்று சந்தேகிக்கலாம். காந்தம் நீக்குவது ஒரு நிமிட வேலை. அப்பாவின் பழைய மணிக்கூடு உயிரோடிருந்தது, பிந்தத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் அவர் அதைத் திருத்தக் கொடுத்ததால்தான். பெட்டியிலிருந்ததை யாரும் பார்க்கவில்லை.

கீறல் ஒரு நோயல்ல

கட்டினால் கீறல் விழும் என்பது மெய். எதில் விழும், எதில் விழாது என்று இரத்தினபுரிக் கல் வியாபாரிகளைக் கேட்டாலே தெரியும். இன்றைய நல்ல மணிக்கூட்டுக் கண்ணாடி செயற்கை நீலக்கல். இரத்தினபுரி நீலக்கல்லும் மணிக்கூட்டுக்குள் இருக்கும் மாணிக்கமும் அதே கனிமந்தான்: குருந்தம். ஆங்கிலம் அதற்கு வைத்திருக்கும் பெயரின் வேரும் நம்முடைய 'குருந்தம்' என்ற சொல்லே. 1902இல் பிரெஞ்சு இரசாயனவியலாளர் ஒகுஸ்த் வெர்னெய் அதைச் செயற்கையாக உருவாக்கும் முறையை வெளியிட்டார். மோவின் கடினத்தன்மை அளவில் அது 9. கடற்கரை மணலிலும் வீதிப் புழுதியிலும் உள்ள குவார்ட்ஸ் 7. உருக்கு அதற்கும் கீழே. அதனால் காலிமுகத்திடல் மணல் நீலக்கல் கண்ணாடியைக் கீறாது. கூட்டையும் பட்டியையும் கீறும்.

அந்தக் கீறலில் உலோகம் பெரும்பாலும் ஒதுங்குகிறதே தவிரப் போய்விடுவதில்லை. கீறல் தெரிகிறதென்று பாலிஷ் போடும்போதுதான் உலோகம் உண்மையிலேயே கழிகிறது. பல முறை பாலிஷ் போட்ட கூட்டில் விளிம்புகள் மழுங்கி, அதன் உருவமே மாறிவிடும். பழுது பார்க்கக் கொடுக்கும்போது "பாலிஷ் வேண்டாம்" என்று சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஏலக்கூடம் சொன்ன இரண்டு தீர்ப்புகள்

கட்டினால் விலை போய்விடும் என்பவர்களுக்கு இரண்டு கதைகள். நடிகர் போல் நியூமனுக்கு மனைவி பரிசளித்த ரோலெக்ஸ் டேட்டோனா, ஆண்டுக்கணக்காகக் கட்டப்பட்டது. 1984இல் அவர் அதைத் தன் மகளின் நண்பனுக்குக் கொடுக்க, அவரும் கட்டினார். 2017 ஒக்டோபரில் நியூயோர்க் ஏலத்தில் அது 1 கோடி 77 இலட்சம் டொலருக்கு மேல் போனது. 2019 நவம்பரில் ஜெனீவாவில், யாரும் கட்டாத, ஒன்றே ஒன்றாகச் செய்யப்பட்ட பட்டேக் ஃபிலிப் ஒன்று ஒரு தர்ம காரியத்துக்கான ஏலத்தில் 3 கோடி 10 இலட்சம் சுவிஸ் பிராங்குக்குப் போனது. கட்டியதும் போனது, கட்டாததும் போனது. அரிதானதும் கதையுள்ளதும் விலை பெறுகின்றன. வெயிலில் கறுப்பு முகப்பு மண்ணிறமாக வெளிறிய சில பழைய மணிக்கூடுகளைச் சேகரிப்பவர்கள் தனிப் பெயர் வைத்துத் தேடி வாங்குகிறார்கள். இடுக்கில் குழியரித்த கூட்டை யாரும் தேடுவதில்லை.

என்ன செய்யலாம்?

கட்டுபவர்கள், நீர்காப்பு ஆண்டுக்கொரு முறை சோதிக்கப்பட்டதாக இருந்தால், குமிழை இறுக்கிவிட்டு வாரத்துக்கொரு முறை நல்ல தண்ணீரிலும் சிறிது சவர்க்காரத்திலும் மென்மையான தூரிகையால் கழுவுங்கள். கடலுக்குப் போனால் அன்றே கழுவுங்கள். பட்டியின் இணைப்புகளில் மணலும் வியர்வையும் சேர்ந்தால் அரைக்கும் மாவாகி ஊசிகளைத் தேய்க்கும். நீர்காப்பு இல்லாத பழைய மணிக்கூடாக இருந்தால் ஈரத் துணியால் துடைத்துக் காய விடுங்கள். மழையில் கட்ட வேண்டாம். 5 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒரு முறை முழுமையாகக் கழற்றிச் சுத்தம் செய்து, இறப்பர் வளையங்களை மாற்றுங்கள்.

வைப்பவர்கள், கழுவி நன்றாக உலர்த்திய பிறகே வையுங்கள். வெல்வெட் பெட்டி ஈரத்தைத் தடுக்காது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொதிகளோடு ஓர் ஈரப்பதன்மானியும் வைத்து, அது 40 முதல் 50 வரை காட்டும்படி பாருங்கள். பொதி ஈரத்தால் நிறைந்ததும் மாற்றுங்கள். வங்கிப் பெட்டகத்தில் வைத்தாலும் இதே முறைதான். பற்றரி மணிக்கூடானால் பற்றரியைக் கழற்றிவிடுங்கள். கசிந்தால் இயந்திரமே போய்விடும்.

ஓர் எச்சரிக்கை. 1960கள் வரை செய்யப்பட்ட, இருட்டில் ஒளிரும் முட்களுள்ள பழைய மணிக்கூடுகளில் ரேடியம் பூசியிருக்கலாம். ஒளி மங்கிவிட்டாலும் ரேடியத்தின் கதிரியக்கம் பாதியாகக் குறைய 1,600 ஆண்டுகள் செல்லும். அவற்றை வீட்டில் திறக்கவோ சுரண்டவோ வேண்டாம்.

கட்டாததுதான் பிழை என்று அந்த முதியவர் சொன்னது முழுச் சரியல்ல. உலர்த்தி, கவனித்து வைத்தால் மணிக்கூடு பெட்டியிலும் வாழும். ஆனால் அந்தக் கவனத்தை மாதாமாதம் கொடுக்கக்கூடியவர் நம்மில் சிலரே. மற்ற எல்லோருக்கும், இந்த உப்புக் காற்றில், கட்டுவதே நல்ல காவல். உங்கள் வீட்டு லாச்சியிலும் அப்பாவினதோ தாத்தாவினதோ ஒரு மணிக்கூடு பல வருடமாகத் திறக்கப்படாமல் கிடக்கலாம். இந்த வாரம் அதை வெளியே எடுங்கள். சாவி கொடுக்காமல் அப்படியே ஒரு நல்ல கைவினைஞரிடம் கொண்டுபோய்ப் பின்மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். கறள் இன்னும் தண்டோடு நின்றிருந்தால், அதைக் காப்பாற்ற நேரம் இருக்கிறது.