கண்ணுக்குத் தெரியாத எழுத்து

‘பலகை’ என்று சேர்த்து எழுதினால் மரப்பலகையைக் குறிக்கும்; ‘பல கை’ என்று பிரித்து எழுதினால் பல கைகளைக் குறிக்கும். இடையில் விட்ட சிறு இடைவெளி பொருளையே மாற்றிவிடுகிறது. கணினி உலகிலும் இடைவெளிக்கு இத்தகைய ஆற்றல் உண்டு.

மனிதருக்கு இடைவெளி என்பது வெற்றிடம். கணினிக்கோ அதுவும் ஓர் எழுத்து. ஆஸ்கி குறியீட்டில் ஆங்கிலப் பேரெழுத்து ‘ஏ’வுக்கு 65 என்னும் எண் இருப்பதுபோல, இடைவெளிக்கு 32 என்னும் எண் உண்டு.

மென்பொருள் தான் எவ்வாறு இயங்க வேண்டும் என்பதை ஒரு கோப்பிலிருந்து படித்துக்கொள்கிறது. அது அமைவுக் கோப்பு எனப்படும். அதில் ‘கடவுஎண்=4721’ என்று ஒரு வரி இருப்பதாகக் கொள்வோம். தட்டச்சு செய்தவர் அறியாமலே வரியின் இறுதியில் ஓர் இடைவெளி விழுந்துவிடுகிறது. ஜாவா மொழியின் ‘பிராப்பர்ட்டீஸ்’ கோப்பில் மதிப்பின் முன்னுள்ள இடைவெளி நீக்கப்படும், பின்னுள்ளது நீக்கப்படாது. ஆகவே நான்கு குறிகள் ஐந்தாகின்றன. தரவுத்தளம் அனுமதி மறுக்கிறது. திரையில் பார்த்தாலோ பிழை எதுவும் தெரியாது. அத்தரவுத்தளம் ஒரு மருத்துவமனைக்கு உரியதாயின், சீட்டுப் பெற வந்த நோயாளிகள் வரிசையில் காத்திருக்க நேரும்.

இறுதி இடைவெளிகளை எல்லாம் நீக்கிவிடலாமே எனத் தோன்றும். ஆனால் ‘உங்கள் பெயர்: ’ என்று கேட்கும் வரியின் இறுதியில் இடைவெளி வேண்டுமென்றே இடப்படுகிறது. ‘மார்க்டவுன்’ கோப்பில் வரியிறுதியில் வரும் இரண்டு இடைவெளிகள் வரிமுறிவைக் குறிக்கின்றன. ‘யாமல்’ கோப்போ, மேற்கோள்குறி இல்லாத மதிப்பின் இறுதி இடைவெளியைக் கணக்கில் கொள்வதில்லை. ஆகவே கோப்பின் விதியை அறிந்தே செயற்பட வேண்டும்.

இதற்குச் சில வழிகள் உள்ளன. இடைவெளிகளைப் புள்ளிகளாகக் காட்டும் வசதி பல உரைத்தொகுப்பிகளில் உண்டு. சேமிக்கும்போதே இறுதி இடைவெளிகளை நீக்குமாறும், மார்க்டவுன் கோப்புகளுக்கு மட்டும் விலக்கு அளிக்குமாறும் ‘எடிட்டர்கான்ஃபிக்’ கோப்பில் எழுதி வைக்கலாம். மாற்றங்களைப் பதிவு செய்யுமுன் ‘கிட் டிஃப்’ கட்டளையுடன் ‘செக்’ என்னும் விருப்பத்தைச் சேர்த்து இயக்கினால், புதிதாகச் சேர்ந்த இறுதி இடைவெளி எந்த வரியில் உள்ளது என்பதை அது காட்டிவிடும். இடைவெளி உண்மையிலேயே தேவைப்படுமிடத்தில், கோப்பின் விதி இடம் தருமாயின், மதிப்பை மேற்கோள்குறிக்குள் இட வேண்டும். அப்போது அடுத்து வருபவர் அதனைப் பிழையெனக் கருதி நீக்கமாட்டார்.

பயிற்சி

1. ‘4721’ என்னும் கடவுஎண்ணைத் தரவுத்தளம் ஏற்க மறுத்தது ஏன்?
2. இறுதி இடைவெளிகள் அனைத்தையும் நீக்குவது சரியா? காரணம் தருக.
3. ‘பலகை – பல கை’ போன்று, பிரித்தால் பொருள் மாறும் சொற்கள் இரண்டினை எழுதுக.