சாண் அளவு விமானம் சொல்லும் பாடம்



பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளைக் கண்டு கோபங்கொள்ளாத பெரியவர் நம்மில் எத்தனை பேர்? அக்கோபம் எல்லா வேளையிலும் நியாயமானதுதானா என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டா? என்னை அவ்வாறு எண்ண வைத்தவன், எங்கள் உடன்குடி மத்ரஸாவில் ஓதும் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன்.

வளைகுடா நாட்டில் பணிபுரியும் அவனுடைய வாப்பா, விடுமுறையில் ஊர் வந்தபோது ஓர் அட்டைப் பெட்டி வாங்கி வந்திருந்தார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி பயன்படுத்திய ஃபோக்கே வுல்ஃப் 190 என்னும் போர் விமானத்தின் சிறு மாதிரியைச் செய்வதற்கான பிளாஸ்டிக் துண்டுகள் அதில் இருந்தன. அஸருக்குப் பின் நடக்கும் வகுப்பில், அப்பெட்டியின் மூடியை அவன் தோழர்களுக்குக் காட்டிக் கொண்டிருந்தான். “எல்லாத்தையும் விட ஜெர்மன்காரன் பிளேன்தான் ஹஜ்ரத் அழகு” என்றான். ஊர்களை எரித்த கருவியில் என்ன அழகு என்று எல்லோர் முன்னிலையிலும் அவனைக் கடிந்து கொண்டேன். மூடியையும் வாங்கி வைத்துக் கொண்டேன்.

மறுநாள் அவனுடைய உம்மா சொல்லி அனுப்பினார்: “வாப்பா திரும்பிப் போனதிலிருந்து பிள்ளை அதைத்தான் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறான். தப்பென்றால் ஹஜ்ரத் சொல்லட்டும், எடுத்து உள்ளே வைத்து விடுகிறேன்.”

அச்சொற்கள் என்னை வெட்கமுறச் செய்தன. ஒன்றைத் தெரிந்து கொள்ளாமலேயே தீர்ப்பு வழங்கியிருந்தேன். மூடியைத் திருப்பிக் கொடுத்து, “நீ செய்வதை நானும் பார்க்கிறேன்” என்றேன். அப்போது கற்றவற்றையே உங்கள் முன் வைக்கிறேன்.

அளவே அடிப்படை

இக்கலையின் உயிர் அளவில் இருக்கிறது. இவ்வகை மாதிரிகளில் பெரிதும் வழங்கும் அளவு 72இல் ஒரு பங்கு. ஆறடியை ஓர் அங்குலமாகச் சுருக்குவது என்று இதற்குப் பொருள். இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஏறத்தாழ பத்தரை மீட்டர் கொண்ட அவ்விமானம், சிறுவனின் கையில் 14.6 செ.மீ. ஆகிவிடுகிறது. ஒரு சாணுக்கும் குறைவு! 48இல் ஒரு பங்கு, 32இல் ஒரு பங்கு என்னும் பெரிய அளவுகளும் உண்டு.

இங்கிலாந்தின் ஃபிராக் நிறுவனம் 1936ஆம் ஆண்டிலேயே இவ்வளவில் பிளாஸ்டிக் மாதிரிகளை விற்றது. போர் மூண்டதும் விளையாட்டு கடமையாயிற்று. வானில் தெரிவது நம் விமானமா, எதிரியின் விமானமா என்று அறிய வீரர்களுக்குப் பயிற்சி தேவைப்பட்டது. 1942இல் அமெரிக்கக் கடற்படை, பள்ளி மாணவர்களிடம் 5 லட்சம் மர மாதிரிகளைச் செய்து தருமாறு கேட்டது. அவற்றின் அளவும் 72இல் ஒரு பங்கே.

செய்முறை எளிதன்று. சட்டத்தோடு ஒட்டிய துண்டுகளை முறுக்கிப் பிய்க்காமல் வெட்டி எடுக்க வேண்டும். எண்ணெய்ப் பசை போக சோப்பு நீரில் கழுவ வேண்டும். வெட்டிய இடத்தை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். இதற்குரிய பசை வெறுமனே ஒட்டுவதில்லை. பிளாஸ்டிக்கை இளக்கி இரு துண்டுகளையும் ஒன்றாக்கி விடுகிறது. ஆகவே ஒரு துளி கூடினாலும் உருவம் கெடும். சாயத்திலும் அதே கணக்குதான். அரை மில்லிமீட்டர் தடிப்பாய் ஒரு திட்டு நின்றால், உண்மையான விமானத்தில் அது 3.6 செ.மீ. தடிப்புக்குச் சமம். ஒரு முறை தடிப்பாகப் பூசுவதினும் மூன்று முறை மெல்லப் பூசுவதே சிறந்தது.

தாவூத் நபி (அலை) அவர்கள் கவசம் செய்த வரலாற்றை நாம் ஓதியிருக்கிறோம். வளையங்களை அளவறிந்து கோக்குமாறு அவர்களுக்குக் கட்டளையிடப்பட்டதன்றோ? தூத்துக்குடியில் தோணி கட்டும் ஓடாவிமாரின் கையிலும் அந்த அளவறிவே வாழ்கிறது.

எங்கள் ஊரில் இன்னொரு சோதனையும் உண்டு. தேரிக்காட்டுச் செம்மண் துகள் காற்றோடு வந்து ஈரச் சாயத்தில் படிந்து விடும். கடற்காற்றின் ஈரத்தில் சாயம் உலரவும் நாளாகும். சிறுவன் இதற்கு ஒரு வழி கண்டான். உம்மாவிடம் பழைய ஓலைக் கொட்டான் ஒன்றைக் கேட்டு வாங்கி, விமானத்தின் மேல் கவிழ்த்து வைத்தான். நேற்று வரை கருப்பட்டி இருந்த கொட்டான், இன்று விமானக் கூடமாயிற்று!

பெற்றோருக்கு ஒரு சொல்: இப்பசையும் சாயமும் நெடியுள்ளவை. சன்னலைத் திறந்து வைத்துச் செய்யச் சொல்லுங்கள். கைக்குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

வண்ணம் மறைக்கும், வண்ணம் காட்டும்

விமானத்தின் மேற்புறத்திற்கு இருவகைச் சாம்பல் நிறம். அடிப்புறத்திற்கு வெளிர் நீலம் கலந்த சாம்பல். ஜெர்மானிய வான்படை அமைச்சகம் ஒவ்வொரு நிறத்திற்கும் எண் கொடுத்திருந்தது. இவை 74, 75, 76. மேலிருந்து பார்ப்பவன் கண்ணுக்கு நிலத்தோடும், கீழிருந்து பார்ப்பவன் கண்ணுக்கு வானத்தோடும் கலந்து போவதற்கே இந்த ஏற்பாடு. “அப்படின்னா இது அழகுக்கு அடிச்ச சாயம் இல்லையா ஹஜ்ரத்?” என்று கேட்டான் சிறுவன். இல்லை, ஒளிந்து கொள்வதற்கு அடித்த சாயம் என்றேன். அவன் தூரிகையைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தான்.

இறுதியில் குறிகளை நீரில் ஊற வைத்து நகர்த்தி ஒட்டும் வேளை வந்தது. மூடியில் அச்சிட்ட படத்திலும் பெட்டியிலிருந்த தாளிலும் விமானத்தின் வால் வெறுமையாக இருந்தது. நூலகத்தில் பார்த்த பழைய புகைப்படத்திலோ வாலில் நாஜிகளின் ஸ்வஸ்திகா இருந்தது. ஏன் இந்த வேறுபாடு என்று வினவினான். இன்றைய ஜெர்மனியின் சட்டம் அக்குறியைப் பொதுவில் காட்டுவதைத் தடை செய்துள்ளது. ஆகவே பல நிறுவனங்கள் அதனை விட்டு விடுகின்றன, அல்லது இரு பாதியாக அச்சிடுகின்றன என்று விளக்கினேன். உடனே அவன் கேட்டான்: “மறைச்சிட்டா நடந்தது நடக்கலைன்னு ஆயிடுமா?”

அன்பர்களே! இக்கேள்விக்கு விடை சொல்லும் கடமை எனக்கிருந்தது. 1937 ஏப்ரல் 26 அன்று, சந்தை நாளில், ஸ்பெயின் நாட்டின் கெர்னிகா நகரைக் குண்டு வீசி அழித்தவை முதன்மையாக ஜெர்மானிய விமானங்களே என்று கூறினேன். மெஸ்ஸர்ஷ்மிட் 262 என்னும் ஜெட் விமானத்தின் பகுதிகளைச் செய்வதற்காக, ஆஸ்திரியாவின் கூசென் முகாமில் கைதிகள் சுரங்கம் தோண்டி ஆயிரக்கணக்கில் மடிந்ததையும் கூறினேன். அவன் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக் கொண்டான்.

பெங்களூருக்கு வந்த பொறியாளர்

இந்த ஃபோக்கே வுல்ஃப் 190 விமானத்தை வடிவமைத்தவர் கூர்ட் டாங்க். 1939 ஜூன் முதல் நாள் அது முதன்முதலாகப் பறந்தது. 20,000க்கும் மேல் கட்டப்பட்டன. போருக்குப் பின் அவர் அர்ஜென்டினா சென்றார். 1956இல் நம் நாட்டின் அழைப்பை ஏற்றுப் பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலைக்கு வந்தார். இந்திய மண்ணில் உருவான முதல் ஜெட் போர் விமானமாகிய மாருத் அவர் தலைமையில் பிறந்தது.

அவர்கள் முதலில் செய்தது என்ன தெரியுமா? ஒரு மாதிரி! எஞ்சின் இல்லாமல், மரத்தால், முழு அளவில் ஒரு கிளைடரைக் கட்டினார்கள். 1959இல் டக்கோட்டா விமானம் அதனை வானுக்கு இழுத்துச் சென்றது. பலமுறை பறக்கவிட்டுக் குறைகளைக் கண்டறிந்த பின்னரே, 1961 ஜூனில் சுரஞ்சன் தாஸ் உண்மையான மாருத்தைப் பறக்க வைத்தார். விரும்பிய வல்லமையுள்ள எஞ்சின் கடைசி வரை கிடைக்கவில்லை. ஆயினும் 1971 போரில் அது பணியாற்றியது. 1990இல் ஓய்வு பெற்றது. பெங்களூர் விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்தில் பிள்ளைகளுக்கு அதனைக் காட்டலாம்.

இராமேஸ்வரத்தில் பிறந்த நம் அப்துல் கலாம் அவர்கள் தம் சுயசரிதையில் கூர்ட் டாங்க்கின் பெயரைக் குறிப்பிட்டிருக்கிறார். சென்னை எம்.ஐ.டி. வளாகத்தில் நிறுத்தப்பட்டிருந்த இரு பழைய விமானங்களே தம்மைக் கவர்ந்து அத்துறைக்கு இழுத்தன என்றும் எழுதியிருக்கிறார். அவருடைய தந்தையார் ஜைனுலாப்தீன் கடற்கரையில் மரப்படகு கட்டியதைச் சிறுவயதில் அருகிருந்து பார்த்தவர் அவர். பார்த்த கண்ணும் தொட்ட கையுமன்றோ அவரை உருவாக்கின!

நாம் செய்ய வேண்டியது

எங்கள் ஊருக்கு அருகிலுள்ள குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று ராக்கெட் ஏவுதளத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கே நாளை அளவெடுத்து வேலை செய்யும் கைகளில் நம் பிள்ளைகளின் கைகளும் இருக்க வேண்டாமா? ஆனால் ஒன்று. கையில் திறமை மட்டும் இருந்து, அது எதற்குப் பயன்படும் என்று கேட்கும் உள்ளம் இல்லாது போனால் என்ன நேரும் என்பதற்கும் ஜெர்மனியே சான்று. திறமையை ஊட்டுவது போலவே அக்கேள்வியையும் ஊட்டுவது பெற்றோர், ஆசிரியர் ஆகிய நம் பொறுப்பு. விளையாட்டுப் பொருளைப் பறித்து வைப்பதால் அப்பொறுப்பு நிறைவேறி விடாது. பிள்ளையின் அருகே அமர வேண்டும். அவன் கேட்பதற்கு உண்மையைச் சொல்ல வேண்டும்.

சிறுவனின் விமானம் இப்போது மத்ரஸா அலமாரியில் நூல்களின் அருகே இருக்கிறது. வாலை அவன் வெறுமையாகவே விட்டு விட்டான். பெட்டியில் விமானியின் சிறு உருவம் ஒன்றும் இருந்தது. உருவச்சிலை வேண்டாமென்று உம்மா சொன்னதால் அதனை ஒட்டவில்லை. இருக்கை காலியாக இருக்கிறது. கீழே தன் கையெழுத்தில் ஓர் அட்டை வைத்திருக்கிறான். விமானத்தின் பெயர், பறந்த ஆண்டு, அளவு ஆகியவற்றை எழுதிய பின் இறுதியாக இவ்வாறு எழுதியிருக்கிறான்: “வாலில் நாஜிக் குறி இருந்தது. நான் ஒட்டவில்லை. ஏனென்று கேட்டால் சொல்வேன்.”

அவனுடைய வாப்பா அடுத்த விடுமுறையில் வருகிறார். முதலில் கேட்கப் போகிறவர் அவராகத்தான் இருப்பார், இன்ஷா அல்லாஹ்.