கடலை போகுது, எண்ணெய் வருது



உத்திரமேரூர்னு சொன்னாலே எல்லாருக்கும் குடவோலைக் கல்வெட்டுதான் ஞாபகம் வரும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919லும் 921லும் வெட்டியது. ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்த முறை அதில் இருக்கிறது. நிலமும் படிப்பும் உள்ளவர் பெயர்தான் அந்தக் குடத்தில் விழுந்தது, உழுதவன் பெயர் விழவில்லை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதில் ஒரு விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். முன்னே வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் பெயரைக் குடத்தில் போடக் கூடாது. அவர் உறவுக்காரர் பெயரையும் போடக் கூடாது. கணக்கில் அவ்வளவு கண்டிப்பு!

அந்த மாதிரி நம்ம வீட்டுக் கணக்கை ஒரு மாதம் எழுதிப் பார்க்கலாமா? எவ்வளவு செலவு என்பது உங்களுக்கே தெரியும். கொடுத்த காசு எந்த ஊருக்குப் போச்சு என்று எழுத வேண்டும்.

‘உள்ளூர்லயே வாங்குங்க’ என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. செய்யப் போனால் முதல் நாளே இடிக்கும். டீத்தூள் மலையில் விளைவது. உப்பு கடலோரத்தில் இருந்து வருவது. டீசல், மாத்திரை, செல்போன் இதெல்லாம் நம்ம ஊரிலா செய்கிறார்கள்? ஆகவே எல்லாத்தையும் பக்கத்திலேயே வாங்குவேன் என்று வைராக்கியம் பிடித்தால் மூணு நாளில் வீட்டில் சண்டை வரும். அந்த வழியில் நான் உங்களைக் கூப்பிடவில்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு. உள்ளூர்க் கடை வேற, உள்ளூர்ச் சரக்கு வேற. தெருமுனைக் கடையில் ஒரு எண்ணெய்ப் பாக்கெட் வாங்கினால் கடைக்காரருக்கு அதில் நிற்பது சில ரூபாய்தான். மிச்சம் பாக்கெட் அடைத்த கம்பெனிக்கும், லாரிக்கும், விளம்பரத்துக்கும் போய்ச் சேரும். அதே கடையில் நம்ம ஊர்ச் செக்கில் ஆட்டிய எண்ணெயை வாங்கினால் செக்குக்காரர் கூலி, கடலை உடைத்த பெண்கள் கூலி, கடலை போட்டவர் விலை எல்லாம் ஊருக்குள் நிற்கும். அந்தக் கூலி மறுநாள் உங்கள் வீட்டுப் பாலை வாங்க வரும். அதனால் கடை எங்கே இருக்கு என்று பார்ப்பதோடு, சரக்கு எங்கே உருவாச்சு என்றும் கேளுங்கள்.

எல்லாத்துக்கும் கேட்க முடியாது. நம்ம கொல்லையில் விளைந்து, மூட்டையாகப் போய், வேற உருவத்தில் திரும்பி வந்து நம்மகிட்டயே விலை சொல்கிற சாமான் எது? முதலில் அதைப் பிடியுங்கள். நம்ம பக்கத்தில் அது வேர்க்கடலை.

40 கிலோ காயை எடுத்துக்கொள்வோம். நன்றாகக் காய்ந்த காயாக இருந்தால் உடைத்தபின் ஏறக்குறைய 28 கிலோ பருப்பு கிடைக்கும். செக்கில் ஆட்டினால் நூற்றுக்கு நாற்பது பங்கு எண்ணெய் என்று வைத்துக்கொண்டால் 11 கிலோ, அதாவது 12 லிட்டர் எண்ணெய். மீதி 15, 16 கிலோ பிண்ணாக்கு. ரகத்துக்கும் காய்ச்சலுக்கும் தக்கபடி கொஞ்சம் கூடும், குறையும். மாதம் மூணு லிட்டர் செலவாகிற வீட்டுக்கு இந்த எண்ணெய் நாலு மாதத்துக்குக் காணும். வருஷத்துக்கு இப்படி மூணு மூட்டை, 120 கிலோ காய். அவ்வளவுதான் கணக்கு.

நாம் என்ன செய்கிறோம்? களத்திலேயே மொத்தக் காயையும் எடை போட்டுக் கொடுத்துவிடுகிறோம். அப்புறம் எண்ணெய் ஒரு கடையில், பிண்ணாக்கு இன்னொரு கடையில். விற்கும்போது கடலைக்கு ஒரே விலை. வாங்கும்போது அதன் வயிற்றில் இருந்த இரண்டுக்கும் தனித்தனி விலை. மாடு வைத்திருப்பவருக்கு இது நல்லாவே புரியும். செக்குப் பிண்ணாக்கில் எண்ணெய்ப் பசை கொஞ்சம் கூடுதலாகவே தங்கும் என்பதால் மாடும் ஆசையாகத் தின்னும்.

இன்றைய விலையை நான் சொல்லப் போவதில்லை, நாளைக்கே மாறிவிடும். நீங்களே போட்டுப் பாருங்கள். 40 கிலோ காயை விற்றால் வருகிற பணம், உடைப்புக் கூலி, ஆட்டுக் கூலி, போக்குவரத்து எல்லாம் ஒரு பக்கம். 12 லிட்டர் கடலெண்ணெயும் 15 கிலோ பிண்ணாக்கும் கடையில் என்ன விலையோ அது இன்னொரு பக்கம். கடலெண்ணெய்க்குக் கடலெண்ணெய் ஒப்பிடுங்கள். பாமாயிலோடு ஒப்பிட்டால் செக்கெண்ணெய் தோற்றுத்தான் போகும். நம் நாட்டுக்குத் தேவையான சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டில் இருந்து வருகிறது. அதில் பெரும்பங்கு இந்தோனேசியா, மலேசியாவின் பனை எண்ணெய். அந்த விலையோடு நம்ம ஊர்ச் செக்கு போட்டி போட முடியாது. கையில் காசு இல்லாத மாதம் ரேஷன் பாமாயில் வாங்குகிற குடும்பத்தை யாரும் குறை சொல்லக் கூடாது.

செக்குக்குப் போகுமுன் ஒரு எச்சரிக்கை. ஈரக் கடலையில் பூசணம் பிடிக்கும். அதில் அஃப்ளாடாக்சின் என்று ஒரு நஞ்சு உண்டாகும். ஈரலைக் கெடுக்கும். ஆலையில் சுத்திகரிக்கும்போது அந்த நஞ்சு பெரும்பாலும் நீங்கிவிடும். செக்கெண்ணெய்க்கு அந்தச் சுத்திகரிப்பு கிடையாது. பிண்ணாக்கில் தங்கினால் மாடு தின்று பாலுக்கும் வந்துவிடும். ஆகையால் குலுக்கினால் கலகலவென்று சத்தம் கேட்கும் அளவுக்குக் காயைக் காய வையுங்கள். உடைத்த பருப்பில் கறுத்தது, சுருங்கியது, பச்சைப் பூசணம் படிந்தது எல்லாத்தையும் கையால் பொறுக்கி எறியுங்கள். எறிய மனசு வராமல் அதையும் சேர்த்து ஆட்டுவது வீட்டாருக்கே தீங்கு. பொறுக்கியதை மாட்டுக்கும் கோழிக்கும் போடவே கூடாது.

‘உள்ளூர் வியாபாரின்னா நல்லவரா?’ என்று ஒருத்தர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்விதான். விதையும் உரமும் கடனாகக் கொடுத்துவிட்டு, அறுவடையில் களத்துக்கே வந்து தன் விலைக்கு மூட்டையைத் தூக்குகிற வியாபாரியும் உள்ளூர்க்காரர்தானே! கடன் நோட்டில் பெயர் இருக்கிற வரைக்கும் நீங்கள் விலை பேச முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்து எடைமேடைதான் துணை. பக்கத்தில் இருக்கிறார் என்பதற்காக மட்டும் ஒருவரிடம் கட்டுப்பட்டுக் கிடக்க வேண்டியதில்லை. பழைய காலத்தில் எல்லாம் ஊருக்குள்ளேயே நடந்தது என்று பெருமை பேசுகிறோம். சவரத் தொழிலாளியும் வண்ணாரும் களத்தில் கிடைத்த படி நெல்லை வாங்கிக்கொண்டு, கூலி இவ்வளவு என்று வாய் திறக்க முடியாமல் இருந்த காலம் அது. அதைத் திரும்பக் கொண்டுவர யாரும் ஆசைப்பட வேண்டாம்.

காந்தியடிகள் 1916 பிப்ரவரியில் சென்னையில் பாதிரிமார் மாநாட்டில் பேசும்போது, அண்டை வீட்டார் செய்வதை வாங்குவதோடு, அவர்கள் தொழிலில் குறை இருந்தால் அதைச் சரிசெய்ய உதவுவதும் சுதேசிதான் என்று விளக்கினார். அந்த இரண்டாம் பாதியை நாம் மறந்துவிட்டோம். செக்கெண்ணெய் கசடாக இருந்தால் செக்குக்காரரிடம் நேரில் சொல்லுங்கள், தெளிய வைத்துக் கொடுப்பார். பாக்கெட் கம்பெனியிடம் யார் போய்ச் சொல்வது?

தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா லண்டனில் கணக்குத் தணிக்கை படித்தவர். 1934ல் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் செயலாளராக வார்தாவில் இருந்து செக்கு, கைக்குத்தல் அரிசி என்று வேலை பார்த்தார். அவரைப் படித்தவர்தான் பூந்தமல்லிக்கு மேற்கே குத்தம்பாக்கத்தில் 1996ல் ஊராட்சித் தலைவரான பொறியாளர் இளங்கோ. ஒரு ஊரால் எல்லாம் முடியாது. பக்கத்துப் பக்கத்து ஊர்கள் கூடினால் ஒன்று எண்ணெய் ஆட்டட்டும், ஒன்று பருப்பு உடைக்கட்டும், ஒன்றுக்கொன்று விற்றுக்கொள்ளட்டும் என்பது அவர் சொன்ன வழி. நம்ம பக்கத்துக்கும் இது பொருந்தும். மானாம்பதிக்காரர் உத்திரமேரூரில் ஆட்டினாலும், சாலவாக்கத்துப் பருப்பு உத்திரமேரூரில் விற்றாலும் காசு பஸ் ஏறித் தொலைதூரம் போகவில்லை.

தனியாகச் செக்கு போடப் பணம் வேண்டாம். நாலு வீடு சேர்ந்து ஒரே நாளில் பருப்பைக் கொண்டுபோனால் வண்டி வாடகை பங்காகும். ஆட்டும்போது கூடவே இருங்கள், உங்கள் பருப்புதான் உங்கள் எண்ணெய். நாலு நாள் தெளியவிட்டு, ஈரமில்லாத பாத்திரத்தில் வடித்து, வெயில் படாமல் மூடி வையுங்கள். மொத்தத்தையும் ஒரே தடவை ஆட்டினால் கடைசி மாதத்தில் சிக்கு வாடை வரும். மூணு நாலு மாதத்துக்கு ஒருமுறை ஆட்டுவது நல்லது. அதுவரை ஓட்டோடு காயாகவே, தரையில் படாமல் பலகை மேல் அடுக்கி வைத்திருக்கலாம்.

மார்கழிப் பட்டத்தில் கடலை போட்டவர்கள் பங்குனி, சித்திரையில் பிடுங்குவீர்கள். வியாபாரி தராசைக் கொண்டுவருவதற்கு முந்தின நாளே, விதைக்கு வேண்டியதோடு சேர்த்து அந்த மூணு மூட்டையையும் களத்தில் இருந்து வீட்டுக்குள் ஏற்றிவிடுங்கள். தராசு வந்தபிறகு மனசு மாறும்.